ரப்பர் விலையிலிருந்து ஆப்ஷன் வரை: பங்குச் சந்தை பற்றி குமரி மாவட்டத்தில் கேட்கிற கேள்விகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டீமேட் கணக்கு (பங்குகளைக் காகிதமில்லாமல் மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) வைத்திருப்பவர்கள், வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், பிள்ளைகள் ராத்திரி பகலாக ஃபோனைப் பார்ப்பதைக் கண்டு பயந்த பெற்றோர் என்று பலரும் கேட்டவை இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிட்டேன். அதற்கு இங்கே பதில் கிடையாது.

அண்ணாச்சி, ஷேர் விலையை யார் போடுகிறார்கள்? மும்பையில் யாராவது உட்கார்ந்து போடுகிறார்களா?

யாரும் போடுவதில்லை. தோவாளை பூச்சந்தைக்கு விடியற்காலையில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். பிச்சி இத்தனை ரூபாய் என்று எந்த அதிகாரியும் அங்கே எழுதி வைப்பதில்லை. கொண்டுவந்தவர் ஒரு விலை சொல்கிறார், திருவனந்தபுரத்து வியாபாரி ஒரு விலை கேட்கிறார், இரண்டும் ஒட்டுகிற இடம்தான் அந்த நேரத்து விலை. ஓணம் வந்தால் ஏறும், மழை வந்து பூ நனைந்தால் இறங்கும்.

பங்குச் சந்தையில் அந்தப் பேரத்தைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. வாங்க வந்தவர்களை ஒரு வரிசையிலும் விற்க வந்தவர்களை இன்னொரு வரிசையிலும் அடுக்குகிறது. நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம். இரண்டு பேர் ஒரே விலை சொன்னால் முதலில் வந்தவருக்கு முதலிடம். ஆள், ஊர், தொகை எதையும் அது பார்ப்பதில்லை.

உங்கள் செயலியில் ஒரு பங்கைத் தொட்டால் ஐந்து வரிப் பட்டியல் ஒன்று வரும். நிறையப் பேர் அதைப் பார்க்காமலேயே ஆர்டர் போடுகிறார்கள். சின்ன கம்பெனி ஒன்றின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விற்க நிற்பவர்கள்: 101.35 ரூபாயில் 40 பங்கு, 101.60-இல் 100 பங்கு, 102.40-இல் 400 பங்கு. திரையில் பெரிய எழுத்தில் 101.35 என்று தெரிகிறது. நீங்கள் 500 பங்குக்கு ‘மார்க்கெட் ஆர்டர்’, அதாவது கிடைக்கிற விலைக்கு வாங்கு என்ற ஆர்டர், போட்டால் முதல் 40 மட்டும்தான் அந்த விலையில் கிடைக்கும். அடுத்த 100 பங்கு 101.60-இல், மீதி 360 பங்கு 102.40-இல். சராசரி 102 ரூபாய் 16 காசு. பார்த்த விலைக்கும் வாங்கிய விலைக்கும் 400 ரூபாய் வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை, பட்டியல் அப்படித்தான் இருந்தது. ‘லிமிட் ஆர்டர்’ போட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தச் செலவு இல்லை. பெரிய கம்பெனிப் பங்குகளில் வரிசை நீளமாக இருக்கும், வித்தியாசம் காசுக்கணக்கில்தான் வரும்.

முன்பெல்லாம் எப்படி நடந்தது?

மும்பை பங்குச் சந்தை 1875-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் அங்கே கூவித்தான் வியாபாரம். நம் பக்கத்து ஆட்கள் கொச்சி, சென்னை புரோக்கர்களை நம்பியிருந்தார்கள். காலையில் சொன்ன ஆர்டர் என்ன விலையில் முடிந்தது என்பது தெரியவே நேரமாகும். சொன்ன விலைதான் நடந்த விலையா என்று சரிபார்க்க வழியும் இல்லை.

1994-இல் தேசிய பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையோடு வந்தது. செயற்கைக்கோள் தட்டு வைத்தால் எந்த ஊரிலிருந்தும் ஆர்டர் போடலாம் என்றானது. உண்மையான திருப்பம் அதுதான். இப்போதைய ஃபோன் செயலியெல்லாம் அதன் நீட்சி. 1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்து காகிதச் சான்றிதழை ஒழிக்கத் தொடங்கியது. கொச்சி பங்குச் சந்தை 2014-இலும் சென்னை பங்குச் சந்தை 2015-இலும் மூடப்பட்டன. ஊருக்கு ஒரு சந்தை வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது.

பணம் வரும் வேகமும் கூடியிருக்கிறது. 2003 முதல் விற்ற இரண்டாவது வேலைநாளில் கணக்கு தீர்ந்தது. 2023 ஜனவரி 27-க்குப் பிறகு எல்லாப் பங்குக்கும் மறு வேலைநாளே. வெள்ளிக்கிழமை விற்றால், திங்கள் விடுமுறையாக இல்லாவிட்டால், திங்களன்று பணம்.

ஆல்கோ, ஹை ஃப்ரீக்வென்சி என்கிறார்களே, அது என்ன? வேகமான 5ஜி வைத்திருந்தால் நானும் அதுபோல் முந்தலாமா?

ஆல்கோ என்பது எழுதிவைத்த விதிப்படி தானாக ஆர்டர் போடும் நிரல். இன்ன விலை வந்தால் வாங்கு, இன்னது நடந்தால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. மியூச்சுவல் ஃபண்டு 10 லட்சம் பங்கு வாங்க வேண்டுமானால் ஒரே தடவையில் கேட்காது. கேட்டால் விலை எகிறிவிடும். நாள் முழுக்கச் சிறு சிறு துண்டாக வாங்கும்படி ஆல்கோவிடம் விட்டுவிடும். இது சாதுவான வகை.

ஹை ஃப்ரீக்வென்சி இன்னொரு இனம். இங்கே வேகமே தொழில். 2008-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி, பெரிய நிறுவனங்களைத் தரகரின் கை படாமல் நேரடியாகச் சந்தைக் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் அனுப்ப அனுமதித்தது. அதற்கடுத்து ‘கோ-லொகேஷன்’ வந்தது. சந்தையின் கம்ப்யூட்டர் இருக்கும் கட்டடத்திலேயே தன் கம்ப்யூட்டரையும் வாடகைக்கு வைத்துக்கொள்வதுதான் அது.

ஏன் வாடகை கொடுத்து அங்கே போகிறார்கள்? நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு வழிக்கு மட்டும் ஆயிரத்தில் ஆறரைப் பங்கு வினாடி. இது கேபிள் வளையாமல் போனால். நிஜத்தில் டவர், கேபிள் வளைவு, புரோக்கரின் சர்வர் எல்லாம் தாண்டிப் போவதற்குள் இது பல மடங்காகும். கட்டடத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்குக் கணக்கே வேறு. அது வினாடியைப் பத்து லட்சமாக வெட்டிப் பேசும். உங்கள் ஆர்டர் கேரளத்தைத் தாண்டுவதற்குள் அங்கே பல ஆர்டர்கள் வந்து, திருத்தப்பட்டு, ரத்தாகி முடிந்திருக்கும். 5ஜி இருந்தாலும், ஃபைபர் இருந்தாலும், எந்த ஃபோனானாலும் இந்தத் தூரம் குறையாது. ஒளியின் வேகத்தோடு பேரம் பேச முடியாது.

அப்படியானால் மெஷின் எங்களிடமிருந்து திருடுகிறது என்றுதானே அர்த்தம்?

பத்து வருடத்துக்கு வைக்க நினைத்துப் பங்கு வாங்குகிறவருக்கு அந்தக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் உதவியே செய்கின்றன. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, முன்பு தரகர்களின் பிழைப்பாக இருந்தது, இப்போது பெரிய பங்குகளில் சில காசுகளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் வாங்கி விற்று லாபம் பார்க்க நினைக்கிறவர் அதே கம்ப்யூட்டரோடு நேருக்கு நேர் மோதுகிறார். எதிரே இருப்பது யார் என்று திரையில் தெரியாததால் பலருக்கும் அது உறைப்பதில்லை.

மெஷின் தப்பு செய்யாதா?

செய்யும், அதுவும் மனிதனைவிட வேகமாக. 2010 மே 6 அன்று அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு (பெரிய கம்பெனிப் பங்குகளின் போக்கை மொத்தமாகக் காட்டும் எண்) சில நிமிடங்களில் ஏறக்குறைய 1,000 புள்ளி விழுந்து, அதே வேகத்தில் பெருமளவு எழுந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம், சரியாக நிறுவப்படாத ஒரு மென்பொருளால் முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலரை இழந்தது. கம்பெனியே கைமாறிப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று நம் தேசிய பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியும் தவறான ஆர்டர்களால் திடீரென்று சரிந்தது. அதற்குக் காரணம் ஒரு தரகு நிறுவனத்திலிருந்து போன பிழையான ஆர்டர்கள்.

இதற்குத்தான் சர்க்யூட் பிரேக்கர். குறியீடு 10, 15, 20 சதவீதம் அசைந்தால் சந்தையே நிறுத்தப்படும். 2020 மார்ச் 23 அன்று காலையில் 10 சதவீதம் விழுந்து வணிகம் நின்றது. மறுபடி தொடங்கியபின் மேலும் விழுந்து நிஃப்டி ஏறத்தாழ 13 சதவீத நஷ்டத்தில் முடிந்தது. நிறுத்தம் பதற்றத்தைத் தணிக்கும், விலையைத் தாங்கிப் பிடிக்காது.

சந்தையே படுத்த நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தை காலை 11.40-க்கு நின்று, பிற்பகல் 3.45-க்குத்தான் எழுந்தது. அன்றைக்கு வணிகத்தை மாலை 5 மணி வரை நீட்டினார்கள்.

பையன் கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஆப்ஷன் செய்கிறான். ‘3,000 ரூபாய் போட்டால் போதும் அப்பா’ என்கிறான். சரியா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளும்.

நிஃப்டி இத்தனை புள்ளிக்கு மேல் போகும், அல்லது கீழே வரும் என்று ஒரு கெடுவுக்குள் நடப்பதை வைத்துக் கட்டுகிற ஒப்பந்தம்தான் ஆப்ஷன். காப்பீட்டுக்குக் கட்டுவதைப் போல இதற்கும் பிரீமியம் என்றே பெயர். கெடு நெருங்க நெருங்க, மற்ற எல்லாம் அப்படியே இருந்தாலும் பிரீமியம் கரைந்துகொண்டே வரும். திசையைச் சரியாகச் சொல்லிவிட்டு நேரத்தில் தவறினாலும் பணம் போய்விடும். கெடு நாள் மதியத்தில் 40 ரூபாயாக இருந்தது 2 ரூபாயாவதை அடிக்கடி பார்க்கலாம்.

முதலில் செபியின் கணக்கு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சராசரியாக ஆளுக்கு 2 லட்சம். அடுத்த நிதியாண்டிலும் 91 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் முடித்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் போனது 1 லட்சம் கோடிக்கு மேல்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதையும் செபியே சொல்லியிருக்கிறது. 2024 நிதியாண்டில் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சேர்ந்து, செலவு கழிக்கும் முன், 61,000 கோடி ரூபாய் அளவுக்கு லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் ஆல்கோ வழியாக வந்தது. மேலே ஆல்கோ பற்றிய கேள்வியில் சொன்ன அதே கம்ப்யூட்டர்கள்தான்.

இனி பையனின் 3,000 ரூபாய். காண்ட்ராக்ட் நோட் என்று அன்றைய வணிகக் கணக்கு தினமும் மின்னஞ்சலில் வரும், யாரும் திறப்பதில்லை. திறந்து பார்ப்போம். லாட் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைதான் லாட், அதன் அளவு அவ்வப்போது மாறும்). 40 ரூபாய் பிரீமியத்தில் வாங்கினான்: 3,000 ரூபாய். 42 ரூபாயில் விற்றான்: 3,150. செயலி பச்சை எழுத்தில் 150 ரூபாய் லாபம் என்று காட்டுகிறது. இதில் வாங்கியதற்கு 20, விற்றதற்கு 20 என்று புரோக்கரேஜ் 40 ரூபாய். அதற்குமேல் பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து 50 ரூபாயைத் தாண்டும். 150-இல் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இதே 2 ரூபாய் எதிர்ப்பக்கம் அசைந்திருந்தால் நஷ்டம் 150 அல்ல, 200-க்கு மேல். பூவா தலையா போட்டு விளையாடினாலும் இந்தக் கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்துதான் போக வேண்டும். ஒரு நாளில் இதை இருபது தடவை செய்கிற பையன்கள் உண்டு.

செபி கெடுபிடியைக் கூட்டியிருக்கிறது. 2024 நவம்பர் 20 முதல் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது, வாராந்தரக் கெடுவை ஒரு சந்தைக்கு ஒரே குறியீடு என்று குறைத்தது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ‘செபி எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது’ என்று கோபம். எனக்கு அந்தக் கோபத்தில் பங்கில்லை.

பெரியவர்கள் கெடு நாளில் விளையாடுவார்களா என்றால், அப்படி ஒரு குற்றச்சாட்டு இப்போது வழக்காக நிற்கிறது. 2025 ஜூலை 3 அன்று ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. காலையில் வங்கிப் பங்குகளை வாங்கிக் குறியீட்டை ஏற்றி, ஆப்ஷனில் எதிர்ப்பக்கம் நின்று, பிறகு அந்தப் பங்குகளை விற்று லாபம் பார்த்ததாகக் குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயைப் பிடித்து வைக்கச் சொன்னது. நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு, தன் மீது தவறில்லை என்று மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும், எதிரே நிற்கிற ஆளின் அளவு உங்கள் மகனுக்குத் தெரியட்டும்.

அவனிடம் சண்டை போடாதீர்கள். கடந்த ஒரு வருடத்து ‘பி அண்ட் எல்’ என்ற லாப நஷ்ட அறிக்கையை, கட்டணம் எல்லாம் கழித்த நிகரத் தொகையோடு, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செயலியிலேயே கிடைக்கும்.

அப்போ ஆப்ஷன் வேண்டாம், அன்றன்றைக்குப் பங்கு வாங்கி விற்கலாமா?

2023 நிதியாண்டில் அப்படிச் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். இதுவும் செபியின் கணக்குதான்.

ஒருவர் ஆல்கோ சாஃப்ட்வேர் விற்கிறார். போட்டுவிட்டுத் தூங்கலாம், மாதம் 5 சதவீதம் நிச்சயம் என்கிறார்.

‘நிச்சயம்’ என்ற சொல் வந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற ஆலோசகர் யாரும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது என்பது விதி.

சின்ன முதலீட்டாளர் ஆல்கோ பயன்படுத்துவது தவறல்ல. அதற்கென்று 2025 பிப்ரவரியில் செபி விதிமுறை வகுத்தது. ஆல்கோ புரோக்கர் வழியாகத்தான் ஓட வேண்டும், அதன் ஆர்டர்களுக்குச் சந்தை தரும் அடையாள எண் இருக்க வேண்டும். உள்ளே என்ன விதி ஓடுகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டாத ஆல்கோவை விற்கிறவர் செபியிடம் பங்கு ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். இன்னொன்றும் கேட்கலாம்: மாதம் 5 சதவீதம் நிச்சயமாகத் தருகிற பெட்டியை எதற்காக 15,000 ரூபாய்க்கு விற்கிறார்?

ஏஐயிடம் கேட்டால் நாளைக்கு எது ஏறும் என்று சொல்லுமா?

கேட்டால் சொல்லும், அழகாகவும் சொல்லும். அதனால் அது சரியாகிவிடாது. கம்பெனி அறிக்கை வந்த நொடியில் அதைப் படித்து ஆர்டர் போடுகிற நிரல்களைப் பெரிய நிறுவனங்கள் ரொம்ப நாளாகவே வைத்திருக்கின்றன. நீங்கள் கேட்டு, அது பதில் சொல்லி, நீங்கள் படித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி விலையில் ஏறியிருக்கும். வாய்ப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எல்லோரும் பாய்வார்கள், அதோடு அந்த வாய்ப்பு முடிந்தது.

ஆண்டறிக்கையில் 200 பக்கம் இருக்கிறது, கடன் விவரம் எந்தப் பக்கத்தில் என்று தேட ஏஐ நன்றாக உதவும். அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துச் சரிபாருங்கள்.

அமெரிக்காவில் வட்டியை ஏற்றினால் இங்கே ஏன் விழுகிறது?

வெளிநாட்டுப் பெரும்பணம் பத்திரமான இடத்தில் நல்ல வட்டி கிடைத்தால் அங்கே போய்விடும். 2022, 2023-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்கு அருகிலிருந்து ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனபோது உலகம் முழுக்க இந்த இழுப்பு தெரிந்தது. அவர்கள் இங்கே பங்கை விற்று ரூபாயை டாலராக்கும்போது பங்கும் இறங்கும், ரூபாயும் தளரும்.

ஆனால் இந்தக் கதையில் சமீப வருடங்களில் ஒரு திருப்பம். 2020 மார்ச்சில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 62,000 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றார்கள், நிஃப்டி அந்த மாதம் 23 சதவீதம் விழுந்தது. 2024 அக்டோபரில் அதைவிட அதிகமாக, 90,000 கோடிக்கு மேல் விற்றார்கள். நிஃப்டி விழுந்தது சுமார் 6 சதவீதம்தான். முதலாவதில் கொரோனா பீதி சேர்ந்திருந்தது உண்மை. ஆனாலும் இரண்டாவதில் விற்றதை வாங்க உள்ளூர் ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இருந்தன. அந்த மாதம் எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் ஒரு தொகை போடும் முறை) வழியாக மட்டும் முதல் தடவையாக 25,000 கோடிக்கு மேல் வந்தது. தக்கலையில் ஆசிரியர் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் போடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதுபோன்ற கோடிக்கணக்கான கணக்குகள் சேர்ந்துதான் வெளிநாட்டுப் பணத்தின் பிடியைத் தளர்த்தியிருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆல்கோவைவிடப் பெரிய மாற்றம் இதுதான்.

எங்களுக்கு ஷேர் வேண்டாம், ரப்பர் தோட்டம் இருக்கிறது. இந்த ஆன்லைன் வர்த்தகத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. குலசேகரத்திலோ அருமனையிலோ ஷீட்டைக் கடையில் போடும்போது கடைக்காரர் சொல்கிற விலைக்கு அடிப்படை, ரப்பர் வாரியம் அறிவிக்கும் கோட்டயம் ஆர்எஸ்எஸ்-4 (புகையூட்டிய ஷீட்டின் ஒரு தரம்) விலை. அந்தக் கோட்டயம் விலையை டயர் கம்பெனிகள் எதோடு ஒப்பிடுகின்றன? இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதோடு. இறக்குமதி விலை பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் முடிவாகிறது. அதை ஒசாகா, ஷாங்காய், சிங்கப்பூர் முன்பேரச் சந்தைகள் (பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் இடங்கள்) முன்னே இழுக்கின்றன. அங்கேயும் பெரும்பகுதி வணிகம் ரப்பர் ஷீட்டைக் கண்ணால்கூடக் காணாதவர்களுடையது.

அதனால்தான் இங்கே மழை பெய்து பால் வெட்டு நின்று, வரத்துக் குறைந்த நாளிலும் விலை இறங்குகிற அதிசயம் நடக்கிறது. உலகிலேயே அதிகம் ரப்பர் வாங்குகிற நாடு சீனா. அங்கே வாகன விற்பனை மந்தம் என்று ஒரு செய்தி வந்தால் ஷாங்காய் இறங்கும். கச்சா எண்ணெய் விலை விழுந்தால் செயற்கை ரப்பர் மலிவாகும், இயற்கை ரப்பரும் கூடவே இழுபடும். ரூபாய் தளர்ந்தால் இறக்குமதி விலை கூடி நமக்கு ஆதாயம். நடுவில் ஒரு தடுப்புச் சுவராக இறக்குமதி வரி நிற்கிறது. 2015 முதல் உலர் ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. விலை ஏற ஏற, 30 ரூபாய் என்ற அந்த உச்சவரம்பால் சுவரின் உயரம் குறைந்துகொண்டே போகும் என்பதைக் கவனியுங்கள்.

எப்போதும் வெளிநாடுதான் ஆட்டுவிக்கிறது என்றும் இல்லை. 2024 ஆகஸ்டில் கோட்டயம் விலை கிலோ 240 ரூபாயைத் தாண்டியபோது அது வெளிநாட்டு விலையைவிட மேலே நின்றது. கப்பல், கன்டெய்னர் கிடைக்காமல் இறக்குமதி தாமதமானதும் ஒரு காரணம்.

விவசாயி முன்பேரச் சந்தையில் விலையைப் பூட்டிக்கொள்ளலாமே என்று புத்தகம் சொல்லும். இரண்டு ஏக்கர் தோட்டக்காரருக்கு அந்த ஒப்பந்தத்தின் அளவும் அதற்குக் கட்ட வேண்டிய மார்ஜின் என்ற முன்பணமும் ஒத்துவராது. அரசும் நடுவே கைவைக்கும்: விலைவாசி ஏறுகிறது என்று 2008 மே மாதம் ரப்பர், சோயா எண்ணெய், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு நான்குக்கும் முன்பேர வணிகத்தை நிறுத்தி வைத்தார்கள். உபயோகமானது ஒன்று உண்டு. ஃபோனில் கோட்டயம் விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது. ‘இன்றைக்கு விலை இல்லை’ என்று சொல்வதற்கு முன் கடைக்காரர் ஒருமுறை யோசிப்பார். ரப்பர் வாரியம் 2022-இல் எம்ரூப் என்ற மின்னணு விற்பனைத் தளத்தையும் தொடங்கியிருக்கிறது. தனியாளைவிட ரப்பர் உற்பத்தியாளர் சங்கமாகச் சேர்ந்து விற்பவர்களுக்கு அது பொருந்தும்.

தங்கம்?

லண்டனிலும் நியூயார்க்கிலும் டாலரில் ஒரு விலை, அதோடு ரூபாயின் மதிப்பு, அதோடு இறக்குமதி வரி. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் வரியை 15-இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் அன்றே பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. லண்டனில் ஒன்றும் நடக்கவில்லை. செயலியில் 10 ரூபாய்க்கு வாங்குகிற ‘டிஜிட்டல் கோல்டு’ செபியின் கட்டுப்பாட்டில் இல்லை. பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கிற கோல்டு இடிஎஃப் அந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அவர்கள் தந்த செயலியில் என் 50,000 இப்போது 4 லட்சம் என்று காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்கிறார்கள்.

மேற்கொண்டு ஒரு பைசா அனுப்பாதீர்கள். அந்த 4 லட்சம் திரையில் எழுதிய வெறும் எண். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் வங்கியில் தடுத்து வைக்க முடிகிற வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். பிறகு சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப் புகார்.

லாபம் எடுக்க முன்கூட்டியே வரி கட்டச் சொல்கிற நடைமுறை எந்தப் புரோக்கரிடமும் கிடையாது. லாப வரியை நீங்கள் வருமான வரித்துறைக்குக் கட்டுவீர்கள். இன்னும் சில அடையாளங்கள்: செயலி பிளே ஸ்டோரில் இல்லாமல் இணைப்பு வழியாக வரும். பணம் ஏதோ ஒரு தனிநபர் அல்லது ‘டிரேடர்ஸ்’ பெயர்க் கணக்குக்குப் போகும், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கணக்கு. ‘வெளிநாட்டு நிறுவனக் கணக்கு மூலம் தள்ளுபடி விலையில் பங்கு’ என்பார்கள். அப்படி ஒரு வசதி இங்கே வசிக்கும் இந்தியருக்கு இல்லை என்று 2024 பிப்ரவரியிலேயே செபி எச்சரித்தது. குழுவில் லாபம் லாபம் என்று நன்றி சொல்லும் நூறு பேரில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்களே.

துபாயிலிருந்து வந்த மச்சான் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வணிகம்) செயலி ஒன்றைக் காட்டினான்.

இந்தியாவில் வசிப்பவர் அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில், அனுமதித்த நாணய ஜோடிகளில் மட்டுமே வணிகம் செய்யலாம். மற்றது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு எதிரானது. ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லாததாலேயே அனுமதி இருக்கிறது என்றும் ஆகாது.

அண்ணன் குவைத்தில். அவன் கணக்கில் நான் இங்கிருந்து டிரேடிங் செய்யலாமா?

அண்ணனுடைய பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வைத்துக்கொண்டு நீங்கள் இயக்குவது சரியல்ல, நாளை நஷ்டம் வந்தால் குடும்பச் சண்டைக்கும் வித்து. அதைவிட முக்கியம், அவர் வெளிநாட்டில் வேலைக்குப் போனதும் பழைய உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கும் டீமேட் கணக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற வேண்டும். இதை வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டவர்கள் நம் கடற்கரை ஊர்களில் ஏராளம். வெளிநாடு வாழ் இந்தியர் பங்கை டெலிவரி எடுத்து, அதாவது தன் டீமேட் கணக்குக்கு வந்தபிறகுதான், விற்க முடியும், அன்றைக்கே வாங்கி விற்க அனுமதி இல்லை. அந்த ஒரு தடையே பல அண்ணன்மாரைக் காப்பாற்றியிருக்கிறது.

யூடியூபில் தமிழிலேயே நன்றாகச் சொல்லித் தருகிறார்களே?

சிலர் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள். பாடம் நடத்துகிறவர் இன்றைய விலையை வைத்து நடத்தக்கூடாது, மூன்று மாதத்துக்கு முந்தைய விலைத் தகவலையே காட்டலாம் என்று 2025 ஜனவரியில் செபி சொன்னது. நேரலையில் ‘இப்போது வாங்குங்கள்’ என்பவரிடம் செபி பதிவு எண் என்னவென்று கேளுங்கள். அந்த எண்ணை செபி தளத்தில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்பா இறந்துவிட்டார். டிரங்குப் பெட்டியில் பழைய ஷேர் சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. இதற்கு இப்போது மதிப்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. தூக்கிப் போடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். முதலில் கம்பெனி பெயரை இணையத்தில் தேடுங்கள், பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம். அந்தக் கம்பெனியின் பங்குப் பதிவாளர் யார் என்று பார்த்து, சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கம்பெனி இலவசமாகத் தரும் போனஸ் பங்குகள் சேர்ந்திருந்தால் சான்றிதழில் உள்ளதைவிடப் பல மடங்கு பங்கு உங்கள் பெயருக்கு வரலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பங்கை அப்படியே விற்றுக் கைமாற்ற முடியாது. வாரிசு பெயருக்கு மாற்றி டீமேட்டில் ஏற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை கேட்பார்கள். ஒரு கம்பெனியில் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் காகிதப் பங்குக்கு எளிய நடைமுறை, அதற்கு மேல் போனால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று போன்றவை தேவைப்படும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபத் தொகை) வாங்கப்படாமல் இருந்தால் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் திரும்பப் பெறலாம், படிவம் தனி, மாதங்கள் ஆகும். சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதுதான் நம் ஊரில் வழக்கமான முட்டுக்கட்டை: சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால். அதற்கு ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முதல் தடவையே சேர்த்து அனுப்பிவிட்டால் கடிதம் ஒரு சுற்று குறையும்.